சுரைக்காய்க் கூட்டில் இரண்டு சிட்டிகை

முதலில் உள்ளங்கைதான் அரித்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, அத்தை செய்த இறால் தொக்கை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் உதடு வீங்கிக் கிடக்கிறது.

"இறால் ஒவ்வாமை" என்றார் டாக்டர் (தீங்கில்லாத பொருளைப் பகை என்று எண்ணி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சண்டைக்குக் கிளம்புவது). "இத்தனை வருஷம் சாப்பிட்டேனே?" என்றேன். "எந்த வயசுலயும் வரலாம்மா. இனிமே தொடவே கூடாது." ராயபுரத்தில் பிறந்து, படகுக்காரரைக் கட்டியவளுக்கு இது என்ன தண்டனை! வீடு வரும்வரை வெட்கமில்லாமல் அழுதேன்.

"நீ துன்னாதது எனக்கு மட்டும் இன்னாத்துக்குடி? இனிமே எறா நம்ம வூட்டாண்டயே வராது" என்றார் அத்தை. என் மாமியாருக்கு வாய் பெரிசு. மனசு அதைவிடப் பெரிசு.

சில வாரம் கழித்து ஒரு மதியம், சுரைக்காய்க் கூட்டு. நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். தொண்டை இறுகி, மூச்சு உள்ளே போகவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அத்தை தெருவில் இறங்கிக் கத்திய கத்தலில் ஆட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி (இறுகிய மூச்சுக்குழாயைத் திறந்து, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து) போட்ட பிறகுதான் போன உயிர் வந்தது.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் அத்தையைக் கேட்டார்.

"சொரக்கா தான் சார். ருசிக்கு ரெண்டு சிட்டிகை கூனி வறுத்து நுணுக்கிப் போட்டேன்."

"கூனியும் இறால் இனம்தாம்மா."

"அது பொடி சார்!"

சிரிக்காதீர்கள். அந்தக் காய்ந்த குட்டி இறால் எங்கள் பக்கம் உப்பு, மிளகாய் போல ஒரு சாமான். எனக்கே தோன்றவில்லையே! "என் கையாலயே கொல்லப் பாத்தனே" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அஞ்சறைப்பெட்டி வரை திறந்து பாருங்கள். அவசர ஊசி வைத்துக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டுக்கொண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடங்கியது சில மணி நேரத்தில் திரும்பலாம்.

வீடு திரும்பியதும், இனி அடுப்பைத் தொடமாட்டேன் என்றார் அத்தை. எனக்கு உயிர் பிழைத்த சந்தோஷமே போய்விட்டது. "நீங்க ஆக்கலன்னா நான் பட்டினிதான்" என்று தட்டைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் ரசம் கொதித்தது.

உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டவள் நான். இப்போது முதல் வாய்க்குப் பிறகு நிறுத்தி உதடு, தொண்டை, மூச்சு என்று ஒவ்வொன்றாக நலம் விசாரிக்கிறேன். எதிரே அத்தை, தன் தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆறுது அத்தை, சாப்டுங்க."

"ஆறட்டும். நீ இன்னொரு வாய் துன்னு."