கவுண்டரில் கிடந்த ரப்பர் வளையம்

டார்ச் விற்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. இருட்டுக்கான சாமானைப் பட்டப்பகலில் விற்க வேண்டும். கட்டுமாவடியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்து, பதினோரு வருஷமாக இந்தச் சங்கடத்தோடுதான் பிழைப்பு நடத்துகிறேன். கடை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். என் பேச்சை நம்பி ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்புகிறவரை எனக்குச் சோறு இறங்காமல் போன கதையும் இதில் வருகிறது. அதற்கு முன் சில்லறைச் சங்கடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குள் தலை

வெயிலில் எந்த எல்.இ.டி. டார்ச்சைப் போட்டாலும் மினுக்கென்றுதான் தெரியும். அதனால் ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கடைக்குள் சாய்த்துப் போட்டிருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் அதற்குள் தலையை விட்டு லைட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால், என் கடையில் பாதி நேரம் இடுப்புக்குக் கீழேதான் ஆட்கள் இருப்பார்கள்.

தென்னந்தோப்புக்காரர் ஒருவர் இப்படி உள்ளே போனார். நான் வெளியே நின்று, டப்பாவில் போட்டிருக்கும் லூமன் என்கிற வெளிச்சக் கணக்கை நம்ப வேண்டாம், வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு நேரம் மங்காமல் நிற்கிறது என்று பாருங்கள் என்று பிரசங்கம் செய்தேன். எனக்கு விளக்கம் சொல்வதில் கொஞ்சம் பைத்தியம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை வெளியே எடுத்தார்.

“பெட்டிக்குள்ள பளிச்சுனுதாங்க இருக்கு. எங்க தோப்பு ஒம்பது ஏக்கராச்சே.”

படியில் ஒரு சோதனை

மாடு வைத்திருக்கும் ஆரோக்கியமேரி அக்கா உழைக்கிற சாமானாகக் கேட்டார். அலுமினிய உடம்பு, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, சிமெண்டுப் படியில் ஓங்கிப் போட்டுவிட்டார். எடுத்து அமுக்கிப் பார்த்தால், எரிந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டு, அதையே கவரில் போடப் போனேன்.

“இது வேணாந்தம்பி, கீழ விழுந்தது. இதே மாதிரி புதுசு ஒண்ணு குடு.”

ஒரு வாளித் தண்ணீர்

கடலுக்குப் போகிற முனியசாமி அண்ணன் ஒருநாள் காலையில் வந்தார். ஃபைபர் படகில் அவரும் தம்பியும் மட்டும்தான். பழைய டார்ச் செத்துவிட்டது. எதிரே பெரிய விசைப்படகு வந்தால், இங்கே ஆள் இருக்கிறோம் என்று காட்ட அவர்களுக்கு வேறு வெளிச்சம் கிடையாது. தண்ணி உள்ளே போகுமா என்று கேட்டார். வாளித் தண்ணீரில் டார்ச்சை முக்கி எடுத்துக் காட்டினேன். எரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்மூடியைத் திருகி, உள்ளேயிருந்த, தண்ணீரைத் தடுக்கிற கறுப்பு ரப்பர் வளையத்தைக் கழற்றி, “இதுதாண்ணே இதுக்கு உயிரு” என்று அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பிறகு மூடித் திருகிக் கொடுத்தனுப்பினேன்.

அவர் போய் வெகுநேரம் கழித்துக் கவுண்டரைத் துடைத்தேன். அவர் பார்த்துவிட்டு வைத்த வளையம் அங்கேயே கிடந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். படகு போய்விட்டிருந்தது. கடலுக்குள் செல்போனும் எடுக்காது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவக கெளம்பி ஒரு மணி நேரமாச்சுங்க. நீங்க ஏன் இப்புடி வேர்த்துப்போயி நிக்கிறீங்க?”

கவருக்குள் பிழைத்தது

அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நான் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. தண்ணீர் இறங்கி டார்ச் அணைந்துபோய், விசைப்படகுக்காரன் பார்க்காமல் வந்துவிட்டால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. விடிந்ததும் வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கரையில் போய் நின்றேன்.

எட்டு மணி வாக்கில் படகு வந்தது. இரண்டு தலை தெரிந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. முனியசாமி அண்ணன் இறங்கி, மடியிலிருந்து டார்ச்சை எடுத்தார். ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவர் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். “வலை எஞ்சின் விசிறியில சுத்திக்கிருச்சு. மழையில இந்த லைட்டப் போட்டுத்தான் அறுத்து எடுத்தோம். பாதி நேரம் படகுத் தண்ணியிலதான் கெடந்துச்சு” என்றார். டார்ச் உள்ளே காய்ந்தே இருந்தது.

வளையத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டார்.

“போனு, ஆதாரு, தீப்பெட்டி எல்லாத்தையும் கவர்லதான் கட்டுவோம். கடைக்காரரு பேச்ச நம்பியா தம்பி கடலுக்குப் போவோம்?”

இப்போதெல்லாம் என் கடையில் டார்ச் வாங்கினால் ஒரு வளையம் கூடுதலாகவும் இரண்டு கவர் சும்மாவும் தருகிறேன், விளக்கம் மட்டும் தருவதில்லை.