வெளுக்க அலசிய வடிகட்டி

மலேசியாவின் கோத்தா திங்கியில் எங்கள் பக்கத்து வீடு இப்போது பூட்டிக்கிடக்கிறது. என் பிழையைத் திருத்த அவ்வீட்டுக்காரர் இல்லாததால், நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

நரைத்த மீசையுடைய அவர், கோப்பையை வெந்நீரில் அலசியபின்பே தேநீர் அருந்துவார். இனிச் சிகிச்சையில்லை என்று மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பவிருந்த மனைவிக்காக, அவ்வம்மையார் வளர்த்த திலாப்பியா மீன்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் வெளுக்க அலசினார். மீன்கழிவைத் தொட்டியின் மேல் வளர்ந்த கீரைக்கு உரமாக்கும் நுண்ணுயிர்கள் அப்பஞ்சில்தான் வாழ்ந்தன. அவை குழாய்நீரின் குளோரினில் மடிய, சில நாளில் நீர் நஞ்சாகி மீன்கள் செத்து மிதந்தன.

“அழுக்குன்னு நெனச்சேன், தம்பி. வந்ததும் மொதல்ல மீனத்தான் பாப்பா.”

“வேற மீன் வாங்கி விட்ருவோம், அண்ணே.”

“ஒவ்வொண்ணும் அவளுக்குத் தெரியும்லா.”

மறுநாள் வீடு திரும்பிய அம்மையார் வெறுந்தொட்டியின் முன் அமர்ந்திருந்தார். கணவர் குனிந்து நெடுநேரம் பேசினார். அம்மையார் அவர் கையைப் பற்றிக்கொண்டார். மீன்கள் தம்மால் செத்த உண்மையை அவர் சொன்னாரா என்பதை நான் அறியேன்.