ஈயின் முகத்தில் இரண்டு புள்ளி

ஸ்டுடியோ கவரைப் பிரித்தேன். மாம்பழ ஈயின் முகம், மாசு மருவில்லாமல் கல்யாணப் பெண்போலப் பளிச்சென்று இருந்தது. அதுதான் கோளாறு.

தொண்ணூறுகளின் தொடக்கம், ராஜபாளையத்தில் விலங்கியல் கடைசி வருடம். மம்சாபுரம் தோப்பில் அழுகி விழுந்த மாம்பழங்களை டப்பாவில் மூடிவைத்து, வெளிவரும் அரிசியளவு ஈக்களை ஊசியில் குத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் கண்டுபிடிப்பதுதான் என் ப்ராஜெக்ட். அதற்கான புத்தகம் கேள்வி கேள்வியாகப் போகும். முகத்தில் இரண்டு கரும்புள்ளி உண்டா, இல்லையா? உண்டென்றால் ஒரு பெயர், இல்லையென்றால் வேறு. நான்கு முறை பார்த்து ‘உண்டு’ என்று எழுதியிருந்தேன்.

படமெடுக்க எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணாச்சியை லேபுக்குக் கூட்டி வந்தேன். கல்யாணம், காதுகுத்து தவிர வேறெதற்கும் கேமரா தூக்காதவர். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் செத்த நேரம் நிமிரவேயில்லை.

“ஏ தாயி, இத்தினிக்கூண்டு ஈக்கு எம்புட்டுக் கண்ணு! தேன்கூடு கணக்கால்ல இருக்கு!”

மறுவாரம் எறும்பு புகுந்து என் ஈக்களைத் தின்றுவிட்டது, ஊசிகள்தாம் மிச்சம். மாம்பழ சீசனும் முடிந்திருந்தது. இருந்த ஒரே சாட்சி அந்தப் படம். அதில் புள்ளியே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ப்ராஜெக்ட் கைடு மேடம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். “புள்ளியக் காணோமேம்மா? பாக்காமயே எழுதிட்டியா? நாளைக்கு வைவால என்ன சொல்லுவ?” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே என் கண்மீது சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்டுடியோவில் புள்ளி எங்கே என்று கேட்டதும் அண்ணாச்சி பெருமையாகச் சிரித்தார். “மொகத்துல ரெண்டு மரு இருந்துச்சு தாயி. நெகட்டிவ்ல பென்சில வச்சு அடைச்சுட்டேன். பரீட்சைக்குப் போற படமாச்சே!”

“அண்ணாச்சி! அந்த மருவ வச்சுத்தான் அது யாருன்னே தெரியும்! உங்ககிட்ட யாரு அழகு கேட்டா?”

“இங்க வார பொண்ணுகளுக்கெல்லாம் மருவ எடுத்தாத்தான் மாப்ள வீட்டுல படத்தையே காட்டுவாக. ஈ வீட்டுல தலைகீழாவுல்ல இருக்கு!”

சொல்லிக்கொண்டே நெகட்டிவை எடுத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டார். “கூடத் தேய்ச்சா மொகமும் போயிரும். பேசாம இரி.” பென்சில் கரி பஞ்சில் ஏறியது.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தட்டில் கிடந்த தாளில் கறுப்புதான் முதலில் எழும்பும். முகம் வருமுன்னே இரண்டு புள்ளிகளும் வந்து நின்றன.

“வந்துட்டானுவ!” என்ற அண்ணாச்சி தட்டின்மேல் குனிந்துகொண்டார். “ஆமா, இவனுக்கு எதுக்கு தாயி இந்த மரு? இவம் பொண்டாட்டி அடையாளம் கண்டுக்கிடவா?”

மறுநாள் வைவாவில் தேர்வாளர் படத்தைப் பார்த்ததும் நான் எழுதிய பெயரை ஒப்புக்கொண்டார். ‘உண்டா, இல்லையா’ என்பதோடு அவர் கேள்வி முடிந்தது. ‘எதற்கு’ என்று அவர் கேட்கவில்லை. என் புத்தகமும் கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து, இப்போது மைக்ராஸ்கோப்பின் மேல் போனை வைத்தால் ஒரு நொடியில் நூறு படம் விழுகிறது. ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அண்ணாச்சிக்குச் சொல்ல இன்னும் பதில் கிடைக்கவில்லை.