குற்றாலத்துப் பங்களாவில் சூடாகாத புகைப்பெட்டி

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலாளி என் கையில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பைக் கொடுத்தார்.

"குத்தாலத்துல சிலோன்காரர் பங்களாவுக்குப் போ. மீனுக்குப் புகை போடுத கரண்டுப் பெட்டியாம், சூடாக மாட்டேங்குதாம். சரி பண்ணாம வந்தேன்னா நாளைக்குக் கடைப்பக்கம் வராதலே."

அப்படி ஒரு பெட்டியை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. தெரியாத வேலைக்குப் புது ஆளை அனுப்புவது எங்கள் தொழில் தர்மம்.

பெட்டி இரும்பு பீரோ மாதிரி நின்றது. அடியில் ஹீட்டர் எலிமெண்ட், அதன்மேல் மரத்தூள் தட்டு, பக்கவாட்டில் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் குமிழ், மேலே மீன் தொங்கவிடக் கம்பி. சாயங்காலம் வரப்போகும் சம்பந்தி வீட்டாரிடம் புகை போட்ட விரால் மீனைப் பற்றி வீட்டுக்கார அண்ணாச்சி ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார்.

"பெட்டி கப்பல்ல வந்துது தம்பி. என் மானமும் கப்பலேறிராமப் பாத்துக்கிடும்" என்றார்.

சமையல் பார்க்கும் பேச்சியம்மாள் அக்கா உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து, பெட்டியை ஒழித்துக் கொடுத்தார். பியூஸ் சரி. பிளக் சரி. ஸ்விட்சைப் போட்டால் எலிமெண்ட் பழுக்கிறது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். அக்கா மீனை மாட்டி மூடினார். சற்று நேரத்தில் பெட்டி அணைந்துவிட்டது. ஒழித்தால் உயிர் வரும், மூடினால் போய்விடும். மூன்றாம் தடவை அண்ணாச்சி, "ஒங்க கடையில வேற ஆளே இல்லியா?" என்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அழாத குறை.

இந்த முறை கை கழுவப் போகாமல் அங்கேயே நின்றேன். அக்கா மீனை மாட்டினார். பிறகு தூபக்காலில் கங்கு அள்ளி, சாம்பிராணி தூவிக் கொண்டுவந்து, பெட்டிக்குள் தெர்மோஸ்டாட்டின் குமிழுக்கு நேர் கீழே வைத்துக் கும்பிட்டார்.

"இது என்னக்கா?"

"புதுச் சாமான்லா தம்பி. தூபம் காட்டாமத் தொடங்கலாமா? உள்ளயே இருந்தா நின்னு காக்கும்."

கங்குச் சூடு குமிழில் பட்டதும், பெட்டியே சூடாகிவிட்டது என்று நம்பி தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டியிருக்கிறது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"காட்டிட்டு வெளிய எடுத்திருங்கக்கா."

"சாமி கோவிக்காதா?"

"சாமி பொறுத்துக்கிடும். எங்க முதலாளி பொறுக்க மாட்டாரு."

அக்கா அரைமனதாக எடுத்தார். பெட்டி சூடாயிற்று. பந்தி முடியும்வரை அண்ணாச்சி என்னை விடவில்லை. சம்பந்தி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு யோசித்தார்.

"மீனு நல்லாத்தான் இருக்கு. கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி மணக்குதே, அதுதான் வெளங்கல."

"சிலோன்ல அப்பிடித்தான்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி அடுத்த வேலையைக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் டெஸ்ட் லாம்பை உடனே எடுப்பதில்லை. "தெனமும் எப்பிடிப் போடுவியளோ, அப்பிடியே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பாதி ரிப்பேர் அதிலேயே முடிந்துவிடும்.