இடமாகச் சுற்றிய சக்கரமும் பன்னிரண்டாவது கோப்பையும்

என் இடுப்பு போனது ஏரிக்கரையில். தலையில் மண் கூடையோடு வழுக்கி விழுந்தேன். டாக்டர் படம் எடுத்து, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே குந்தி உட்காரக் கூடாது" என்றார். "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. குந்தாமல் பானை வனைகிறவனை நான் பார்த்ததில்லை. எங்கள் சக்கரம் தரையோடு தரையாகக் கிடக்கும். குந்தி, குனிந்து, கோலைக் குழியில் கொடுத்துச் சுற்றிவிட்டு, அது ஓய்வதற்குள் மண்ணை எழுப்ப வேண்டும். குந்த முடியாத குயவன், வாய் திறக்க முடியாத ஓதுவார் மாதிரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன. எங்கள் ஊர் செட்டிகுளத்துக்குப் பக்கம். மலைமேல் இருக்கிற முருகனைத்தான் நான் எதற்கும் கேட்பது. இதையும் கேட்டேன். பதினைந்தே நாளில் தண்டோரா போட்டார்கள். பெரம்பலூரில் மண்பாண்டத் தொழிலாளருக்கு மூன்று மாதப் பயிற்சி, தேறுகிறவர்களுக்குக் கரண்டில் ஓடுகிற சக்கரம் இலவசம், நாற்காலி போட்டு உட்கார்ந்தே வனையலாம். கேட்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்பிக்கை எவ்வளவு என்றால், சக்கரம் வருவதற்கு முன்னாலேயே அலைந்து திரிந்து வீட்டுக்குக் கரண்டு இழுத்துவிட்டேன்.

பயிற்சி நடந்த இடம் பழைய வெங்காய கோடவுன். எட்டுப் பேர் சேர்ந்தோம். அதில் ஒருவன் என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. அவனுக்கு இடுப்பு, முழங்கால் எல்லாம் நன்றாகவே இருந்தன. மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள் என்று வந்தான். சொல்லிக் கொடுக்க வந்த வாத்தியார் திருச்சிக்காரர், இருபத்தைந்து வயதுப் பிள்ளை, இதற்கென்றே படித்துப் பாஸ் பண்ணியவர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. முதல் நாளே ஒரு கண்ணாடி அலமாரியைத் திறந்து, பஞ்சு சுற்றிய ஒரு கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குப் பேரு ட்விஸ்ட் மக். டெல்லியிலிருந்து வந்த மாதிரிக் கோப்பை. நீங்க இதைத்தான் செய்யப் போறீங்க."

செம்மண் கோப்பை. ஒரு பக்கம் காது. உடம்பு முழுக்க, துணியை முறுக்கிப் பிழிந்தாற்போல் வரிவரியாகச் சாய்ந்து ஏறியது. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"இதுல என்னங்க சார் பண்ணுவாங்க?" என்று மச்சான் கேட்டான்.

"காபி குடிப்பாங்க."

"வாய் வெச்சா?"

"ஆமா."

"அப்புறம் அடுத்த ஆளு?"

"அவங்கவங்களுக்கு ஒண்ணு."

மச்சான் என் பக்கம் திரும்பினான். "பானைன்னா வூட்டுக்கு ஒண்ணு. இதுன்னா தலைக்கு ஒண்ணு. மாமா, நம்ம ஆளுங்க வாய் வெச்சுக் குடிக்க ஆரம்பிச்சிருந்தா நாம எப்பவோ மாடி கட்டியிருக்கலாம்."

எனக்கு எச்சில் பண்ண மனசு வரவில்லை. அண்ணாந்து ஊற்றிப் பார்த்தேன். கோப்பைக்கு மூக்கு இல்லாததால் தண்ணீர் என் மூக்குக்குள் போனது. வாத்தியார் அதை அவசரமாக வாங்கித் துடைத்து, பஞ்சு சுற்றிப் பூட்டிவிட்டார்.

செய்யும் முறை இதுதான். மண்ணைக் கெட்டியாகக் குழாய் போல எழுப்ப வேண்டும். வெளிப்பக்கத்தில் மூங்கில் குச்சியால் நேர்நேராகக் கோடு கிழிக்க வேண்டும். பிறகு சக்கரத்தை மெதுவாக ஓடவிட்டு உள்ளே கைவிட்டுத் தள்ளினால், அடி சக்கரத்தோடு போகும், மேல்பாகம் கையின் பிடியில் பின்தங்கும், கோடெல்லாம் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். கேட்க எளிது. முப்பது வருஷம் மண்ணில் கைவைத்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு, முருகனைக் கும்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆகா, அந்த நாற்காலி. இடுப்பு வலிக்கவே இல்லை. வாத்தியார் சுவிட்சைப் போட்டார்.

சக்கரம் இடமாகச் சுற்றியது.

எங்கள் சக்கரம் எப்போதும் வலமாகத்தான் ஓடும், கோயிலைச் சுற்றுகிற மாதிரி. சக்கரம் எங்களுக்குச் சாமி. காலையில் விபூதி பூசிக் கற்பூரம் காட்டாமல் கோலைத் தொடமாட்டோம். சாமி அப்பிரதட்சிணமாகச் சுற்றினால் யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது? நான் கையை எடுத்துவிட்டேன். வயிற்று வலி என்று சொல்லி மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் பெண்டாட்டியிடம் சொன்னேன். "என்னங்க, சக்கரம் எந்தப் பக்கம் ஓடுதுன்னா முருகன் பார்த்துக்கிட்டிருக்கார்? உங்க இடுப்பைப் பாக்க மாட்டாரா?" என்றாள். ஆகவே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். ஒரு கோப்பைக்கு ஒரு தடவை கோடவுனை வலமாகச் சுற்றி வந்துவிடுவது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் நொண்டி நொண்டிச் சுற்றுவதை வாசலில் உட்கார்ந்து மச்சான் பார்ப்பான்.

"மிஷின் நிமிஷத்துக்கு நூறு சுத்து எதிரா சுத்துது. நீங்க ஒரு சுத்து சுத்தினா எப்படி மாமா நேராகும்?"

"பக்தியில கணக்கு பாக்கக் கூடாது மச்சான்."

"அப்ப திசை மட்டும் பாக்கலாமா?"

நான் இன்னொரு சுற்று சுற்றினேன்.

உண்மையில் அந்தப் பயிற்சியில் எவனுக்கும் கோப்பை வரவில்லை. மற்ற ஏழு பேருக்கும் பக்தி இடையூறு ஒன்றும் இல்லை, கைதான் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க வலமாக ஓடின மண் திடீரென்று எதிரே வந்தால் விரல் என்ன செய்யும்? மண் நடுவில் நிற்காமல் ஆடியது, சரிந்தது, ஒருத்தர் முகத்திலேயே போய் அப்பியது. வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் நாலு வாரத்தில் திருச்சியிலிருந்து பெரிய ஆபீஸர் பரிசோதனைக்கு வருகிறார். ஆளுக்குப் பன்னிரண்டு கோப்பை, மாதிரியைப் போலவே இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் பட்டியலில் பெயர் ஏறாது என்று காகிதம் வந்திருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் பியூஸ் போய்விட்டது. அதைச் சரிசெய்ய லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் வந்தார். சவூதியில் மோட்டார் வேலை செய்பவர், லீவில் வந்திருந்தார். பியூஸைப் போட்டுவிட்டு, சரிந்து கிடந்த மண் குவியலைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னோம்.

"இதுக்கா இத்தனை நாள் மண்ணை வீணாக்கினீங்க? மோட்டாருக்குள்ள ரெண்டு வயரை இடம் மாத்தினா திரும்பிச் சுத்தும். இன்ஷா அல்லா, அஞ்சு நிமிஷ வேலை."

வாத்தியார் பயந்தார். "திருச்சிக்கு எழுதி அனுமதி வாங்கணும் பாய்."

"நீங்க எழுதிப் போட்டு அவங்க பதில் போடறதுக்குள்ள, மாத்தி, வேலையை முடிச்சு, பழையபடி மாத்தியும் வெச்சுடலாம் சார்."

வாத்தியார் யோசித்தார். பிறகு எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அவர் திரும்பி வந்தபோது மூன்று மிஷினும் வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. முருகனுக்கு என் இடுப்பைக் காப்பாற்ற சவூதியிலிருந்து பாயை அனுப்பத் தெரிகிறது என்று நான் உருகிப்போனேன். பாயிடமும் சொன்னேன். "லீவு கம்பெனி குடுத்தது அண்ணே" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு கோப்பை கோப்பையாக வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரே நாளில் ஐந்து முடித்தேன். காது ஒட்டினோம், நிழலில் காயவைத்தோம், சூளை போட்டோம். சூளை பிரித்த அன்று வாத்தியார் சந்தோஷமாக அலமாரியைத் திறந்து மாதிரியை எடுத்துவந்து எங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாதிரியில் வரிகள் இடப்பக்கம் சாய்ந்து ஏறின. எங்களுடையது மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்தது. சக்கரத்தைத் திருப்பினால் முறுக்கும் திரும்பும் என்று மண்ணிலேயே பிறந்த எங்கள் எட்டுப் பேருக்கும் தோன்றவில்லை. படித்த வாத்தியாருக்கும் தோன்றவில்லை. பரிசோதனை மறுநாள் காலை.

"போச்சு" என்றார் வாத்தியார். "எட்டுப் பேருக்கும் போச்சு. எனக்கும் போச்சு."

எனக்கு அந்த நாற்காலிதான் கண்முன் வந்தது. அது இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கல் குழியில் காவல் வேலைதான், அதுவும் கிடைத்தால்.

மச்சான் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், மாதிரின்னு சீட்டு ஒட்டியிருக்கறது கோப்பையிலயா, அலமாரியிலயா?"

"அலமாரியில."

"அப்ப உள்ள எதை வெச்சாலும் அது மாதிரிதானே சார்."

பிறகு மச்சான் தன் கோப்பையில் நல்லதாக ஒன்றைத் துடைத்து, பஞ்சு சுற்றி, அலமாரிக்குள் வைத்தான். அவனிடம் பதின்மூன்று இருந்தது. வாத்தியார் வேறு பக்கம் பார்த்தபடி சாவியைக் கொடுத்தார். பிறகு எல்லாருடையதையும் எண்ணினார். என்னுடையது பதினொன்று. பன்னிரண்டாவது சூளையில் வெடித்திருந்தது. என் முகத்தைப் பார்த்தவர், கையில் இருந்த டெல்லிக் கோப்பையை என் வரிசையின் கடைசியில், சுவரோரமாக வைத்தார். "இருக்கறதுலயே நல்ல வேலை இதுதான். தொண்ணூத்தாறு கோப்பையில ஒண்ணை யார் பாக்கப் போறாங்க?" என்றார்.

பெரிய ஆபீஸர் ஜீப்பில் வந்தார். கோடவுனுக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். வெங்காய வாசனை அவ்வளவு சீக்கிரம் போகுமா? அலமாரியைத் திறக்கச் சொல்லி, மச்சான் செய்த கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து எங்களுக்குக் காட்டினார்.

"இது டெல்லி வேலை. இந்த நேர்த்தியைப் பாருங்க. இது ஒரு நாள்ல வராது. பரம்பரையா வரணும்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று ஆபீஸர் நினைத்திருப்பார்.

ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அடிக்குச்சி வைத்து உயரம் அளந்தார். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று போய்க்கொண்டே இருந்தார். என் வரிசையில் பதினொன்று தாண்டியது. பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தார். திருப்பினார். மாதிரியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரோடது?"

வாத்தியார் முகத்தில் ரத்தமே இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வேலை போகும், எட்டுப் பேருக்கும் சக்கரம் போகும். சொல்லாவிட்டால் எனக்கு மட்டும் போகும். நெற்றி நிறைய விபூதியோடு வாயைத் திறந்தேன்.

"என்னோடதுங்க ஐயா."

"பாருங்கய்யா. வரி பக்கம் மாறிப் போகுது. இது என்ன வேலை? கண்ணு முன்னால மாதிரி இருக்கு, அதைப் பார்த்துச் செய்யத் தெரியலை. பழைய பழக்கம் போகலை உங்களுக்கு."

"ஆமாங்க ஐயா."

டெல்லிக் கோப்பையைக் கழிவுக் கூடையில் போட்டார். என் பெயருக்கு எதிரே 'மேலும் பயிற்சி தேவை' என்று எழுதினார். மற்ற ஏழு பேருக்கும் சக்கரம் எழுதினார்.

சாயங்காலம் செட்டிகுளத்துக்குப் போனேன். படி ஏற முடியவில்லை. அடிவாரத்தில் நின்று, பொய் சொல்லிட்டேன் முருகா என்றேன். இடுப்பு போச்சு, சக்கரம் போச்சு, இனி என்ன செய்வேன் என்றும் கேட்டேன். அழுகை வந்தது. மலை சும்மா இருந்தது.

ஒரு வாரம் கழித்து மச்சான் கட்டை வண்டியில் அவனுடைய சக்கரத்தைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான்.

"என்னடா இது?"

"என் வூட்டுல கரண்டு இல்ல. இதுமேல என் வூட்டுக்காரி நெல்லு மூட்டையை வெச்சிருந்தா. உங்க வூட்டுல கரண்டு இருக்கு, சக்கரம் இல்ல. எனக்குக் குந்த முடியுது மாமா, எனக்கு எதுக்கு நாற்காலி? அக்கா, சோறு இருக்கா?"

பாய் சவூதிக்குத் திரும்புவதற்கு முன்னால் வந்து, அதற்கும் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காகிதத்தில் அது மச்சான் சக்கரம். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸிலிருந்து சரிபார்க்க ஆள் வரும்போதெல்லாம் மச்சான் ஓடிவந்து என் வீட்டில், என் நாற்காலியில் உட்காருவான். நான் சுவரோரமாக நிற்பேன். ஒரு தடவை வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"நான் பயிற்சியில இருக்கேங்க" என்றேன். காகிதப்படி அது பொய் இல்லை.

அவர் மச்சானிடம், "இவருக்கும் பொறுமையாச் சொல்லிக் குடுங்க" என்றார்.

"குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். கொஞ்சம் மந்தம்."

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். மச்சான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். கார்த்திகைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் அகல் வேண்டும். விபூதியைத் தொட்டுச் சக்கரத்தில் பூசிவிட்டு உட்கார்ந்தேன்.