சொவ்வரையில் கடற்கரை லீவு

காலை ஏழு மணிக்கு எங்கள் ஊரான பனச்சமூட்டில் பஸ் ஏறினோம். வெள்ளறடை, காரக்கோணம் வழியாகப் பாறசாலை. அங்கே மாறி நெய்யாற்றின்கரை. பிறகு ஆட்டோவில் பூவாறு தாண்டிச் சொவ்வரை. மொத்தம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இதற்கு நான் இரண்டு பெரிய பை, டார்ச், தொலைநோக்கி, மூன்று தடித்த புத்தகங்கள் எடுத்திருந்தேன். வடதுருவம் போகிறவர்கள் இதைவிடச் சுருக்கமாகக் கிளம்புவார்கள்.

போன வருஷம் என் மனைவி ஜெயாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அவள் நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எங்கள் வீட்டு டைல்ஸ் மேலும்தான். இனி மணலில் நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, “எனக்குக் கடப்புறத்தில நடக்கணும்” என்றாள். குன்றின் உச்சியில் ஒரு விடுமுறை வீட்டை நெட்டில் நான்தான் பிடித்தேன். படத்தில் படிக்கட்டு, அதன் கீழே அகலமான மணல். ஓணம் கழிந்தால் கடல் அடங்கிவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் ஊரில் கடல் கிடையாது.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மண் குன்றில் வெட்டிய படிகள் தென்னைகளுக்கிடையே இறங்கி, பாதி வழியில் அந்தரத்தில் நின்றன. கீழே அலை பாறையை அறைந்துகொண்டிருந்தது.

“பீச் எங்கே ராஜன்?” என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன்.

“இப்பம் லீவில ஆக்கும் சாரே. ஜூன் மாச எடவப்பாதி மழையில கடலு மண்ண எடுத்திட்டுப் போவும். பின்ன கொண்டு வச்சிரும்.”

“எப்பம்?”

“அது கடலுக்க இஷ்டம்.”

கடைசிப் படிக்கட்டுக்கும் மணலுக்கும் இடையில் ஓர் இரும்பு ஏணி உண்டாம். மழைக்கு முன் அதைக் கழற்றிக் கார் ஷெட்டில் வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் கடல் கொண்டுபோய்விடும். மண் வந்தபின் திரும்ப மாட்டும் நாளில், தங்கியிருக்கும் விருந்தாளியும் தோள் கொடுக்க வேண்டும். அது அங்கத்திய வழக்கம்.

பால்கனியிலிருந்து கடலைப் பார்ப்பதே ஒரு தியானம் என்று ஜெயாவிடம் விளக்கினேன்.

“பாக்கதுக்கு யூட்யூப் போரும். நான் நடக்க வந்தேன்” என்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாளும் மண் இல்லை. மூன்றாம் நாள் நாங்கள் கிளம்ப வேண்டியது. விடிந்ததும் ராஜன் கதவைத் தட்டினார்.

“அக்கா, மண்ணு கொஞ்சம் வச்சிருக்கு! கடலு ஏறுததுக்கு முன்ன ஏணிய மாட்டணும். சாரே, வாருங்க!”

முன்னால் ராஜன், பின்னால் அடுத்த வீட்டுச் சமையல்காரர், நடுவில் நான். நடுவில் நிற்பவனுக்குப் பௌதிகப்படி பாரம் குறைவு என்றேன்.

“அந்தப் பௌதிகத்துக்கிட்ட கொஞ்சம் தோளு தரச் சொல்லுங்க சாரே” என்றார் சமையல்காரர்.

ஏணி மாட்டியதும், எந்தக் காலை எப்படி வைக்க வேண்டும் என்று ஜெயாவுக்கு விரிவாகப் பாடம் எடுத்தேன். அவள் கேட்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒவ்வொரு கம்பியிலும் நின்று நிதானித்து இறங்கிவிட்டாள். நான் நாலாவது கம்பியில் கீழே பார்த்தேன். அதோடு சரி. என் முட்டிகள் இரண்டும் பிறவியிலேயே கிடைத்தவை. இரண்டும் ஒரே சமயத்தில் மறுத்துவிட்டன.

“சாரே, இனி ஏணியிலதான் வீடெடுத்துத் தாமசமா?” என்று ராஜன் கீழிருந்து கேட்டார்.

“கீழ பாக்காண்டாம்” என்றாள் ஜெயா. “ஏணிய நான் பிடிச்சிருக்கேன். மெள்ள வாருங்க.”

வந்தேன். மணல் ஒரு முற்றம் அளவுதான் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அந்த முற்றத்தின் கோடி வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். அலை கணுக்காலைத் தொட்டபோது கொஞ்சம் தள்ளாடினாள். நான் ஓடினேன். “நில்லுங்க அங்கயே” என்றாள். நின்றேன்.

மதியம் கிளம்பும்போது அந்த மணலும் தண்ணீருக்கடியில் போயிருந்தது.

பனச்சமூட்டில் பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கி, வழக்கம்போல அவளுக்காகக் கையை நீட்டினேன். ஜெயா அந்தக் கையில் பையை மாட்டிவிட்டு, தானே இறங்கி, மீன் வாங்கச் சந்தைப் பக்கம் நடந்தாள்.