கோல சிலாங்கூர்க் கடலில் குமிழி வரும் இடம்

காலை ஆறரை மணிக்குக் கிள்ளானில் பஸ் ஏறினேன். கோல சிலாங்கூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் இரண்டு வெள்ளி. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், அதன் மேல் விடாத தூறல். இதைப் படித்துவிட்டு யாரும் உடனே கிளம்பிவிட வேண்டாம். நான் ஊர் பார்க்கப் போகவில்லை.

பஸ் நிலையத்தில் முனியாண்டி காத்திருந்தார். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர், என் பழைய நண்பர். போன மாதம் அவருடைய தம்பி செல்வம் சிப்பி அள்ளப் போன படகு கவிழ்ந்து, அவன் கடலோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. தாயார் அஞ்சலை கருமாதி செய்ய விடமாட்டேன் என்கிறார்.

"கடல்ல ஒரு எடத்துல குமிழி வருது சார். தம்பி மூச்சு விடறான்னு அம்மா அங்கயே போயி ஒக்காந்துக்குது. நீங்க சயின்ஸ் வாத்தியாரு, நீங்க சொன்னா கேட்டுக்கும் லா."

எட்டரைக்கு அஞ்சலையம்மாளையும் கூட்டிக்கொண்டு படகில் ஏறினோம். ஓட்டியவர் ஒரு வயதான மலாய்க்காரர். ஆற்று முகத்துவாரம் தாண்டியும் தண்ணீர் தேத்தண்ணி நிறம்தான். அவர் கழியை விட்டுக் காட்டினார், எட்டடியில் சேறு. அரைமணி நேரம் போனதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி கழியை விட்டார். முழுக் கழியும் இறங்கியது, தரை தட்டவில்லை. சுற்றிலும் உலை கொதிப்பதுபோல் குமிழிகள்.

"பாருங்க வாத்தியாரே, எம்புள்ள மூச்சு. நிக்கவே இல்ல."

நான் வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன். "இது மூச்சு இல்லம்மா. ஆறு கொண்டாந்து போடற எல தழையெல்லாம் சேத்துக்குள்ள மக்குது. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அதத் தின்னு வாயுவ விடுது. அந்த வாயு முட்டிக்கிட்டு மேல வரும்போது சேறு எளகி, அடியில பள்ளம் விழுந்துடுது. செல்வம் பொறக்கறதுக்கு முன்னாடியே இது கொப்பளிச்சிருக்கும்."

தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் திருப்திகூட. அந்த அம்மாள் குனிந்து குமிழிகளின் மேல் கையை வைத்தார்.

"அதுங்க எல தழைய மட்டுந்தான் திங்குமா?"

முனியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றேன். தெரியும்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மகனிடம், "படகத் திருப்பச் சொல்லுடா. கருமாதிக்கு நாள் பாரு" என்றார்.

பிற்பகல் இரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட வந்த முனியாண்டி, "பெரிய உதவி சார்" என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. கிள்ளான் வரும்வரை ஜன்னலைத் திறக்கவே இல்லை. இன்று காலை வரை அந்த அம்மாளின் மகன் கடலுக்கடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் போய் நிறுத்திவிட்டு வந்தேன்.